சாமி இல்லாதவன் சத்தியம் செல்லாது என்றார் ஸ்கூட்டர்காரர்

புதுச்சேரிக்குப் போய்வந்து மூன்று வாரமாகிறது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கருவடிக்குப்பத்தில் என் மனைவி செல்வியின் சித்தப்பா புது வீட்டுக்குக் குடிபோனார். அந்தச் சனிக்கிழமையோடு ஞாயிறையும் சேர்த்து ஊர் சுற்றலாம் என்று கிளம்பினோம். கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்குப் பேருந்து. திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இரண்டு பேருக்கும் சேர்த்து 300 ரூபாய். 8.50க்குப் போய் இறங்கினோம். பால் காய்ச்சி முடித்து டிபன் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் சரியான நேரம்தான்.

வாடகை ஸ்கூட்டர் நாளுக்கு 450 ரூபாய், பெட்ரோல் நம்முடையது. கடைக்காரர் அசல் லைசென்ஸை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அசலைக் கொடுக்காதீர்கள் என்று நானே இந்தப் பக்கத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஆனாலும் கொடுத்தேன். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அன்றைக்கு அது நல்ல நடை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் செல்வி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நான் தூங்கினேன். அவளுக்குக் கோயில், எனக்குத் தூக்கம் என்பது எங்கள் வீட்டில் பதினாறு வருட ஏற்பாடு. பிறகு காந்தி வீதி ஞாயிறு சந்தையில் சுற்றிவிட்டு, பதினொரு மணிக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம்.

கடைக்காரர் இல்லை. வண்டி கழுவுகிற ஆரோக்கியம் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், வண்டியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கழுவினார். கடைக்காரர் 11.30க்கு வந்து, ஈரம் சொட்டும் வண்டியைச் சுற்றி வந்து, வலது பக்கம் குனிந்தார். அடிப்பக்க பிளாஸ்டிக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். நான் எங்கேயும் விழவில்லை, சத்தியமாக விழவில்லை. ஆரோக்கியம் அம்மாளும் தான் சாய்க்கவில்லை என்றார்.

கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, ரெண்டு பேரும் அடிச்சு சத்தியம் பண்ணுங்க, முடிஞ்சுது என்றார். உள்ளங்கையால் தட்டி அணைத்துவிட்டு லைசென்ஸை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, உங்களுக்காக அடிக்கிறேன்" என்றேன். அவர் சட்டென்று தட்டை இழுத்துக்கொண்டார்.

"அப்ப உங்க சத்தியம் செல்லாது சார். எந்த சாமின்னாலும் பரவால்ல, ஒண்ணு வேணும்ல? பயமில்லாத ஆளு சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?"

வந்ததே கோபம். சாமி பயம் இருந்தால்தான் மனிதன் ஒழுங்காக இருப்பான் என்றால் உண்டியலுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்டேன். லஞ்சம் வாங்குபவர்கள் எல்லாம் நாத்திகர்களா என்று கேட்டேன். கால்மணி நேரம் பேசியிருப்பேன். அவர் எல்லாவற்றுக்கும் "அது வேற சார்" என்றார். செல்வி பைகளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் சண்டை போடுவது அவளுக்கு அவமானமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

கடைக்காரர் ஆரோக்கியம் அம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க மாதா மேல ஆணையா சொல்லுங்க, போதும்." அந்த அம்மாள் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"ஆணையே இடக்கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்கு அண்ணே. இல்லன்னா இல்ல. அவ்ளோதான்."

அடக் கடவுளே என்று நானே சொல்லிவிட்டேன். சாமி இல்லாதவன் சத்தியம் பண்ணுகிறேன் என்கிறான், செல்லாது. சாமி இருப்பவர் சாமி சொன்னபடி சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறார், அதனால் அவர்தான் குற்றவாளி! கடைக்காரர் அப்படித்தான் முடிவெடுத்தார். மேசையைத் திறந்து என் லைசென்ஸை நீட்டினார். அந்த அம்மாளிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஆரோக்கியம் அம்மாள் வாளியைக் கீழே வைத்தார். நான் லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"நான்தாங்க போட்டேன்," என்றாள் செல்வி. காலையில் பூக்கடை ஓரத்தில் நிறுத்தும்போது சென்டர் ஸ்டாண்ட் நழுவி வண்டி வலது பக்கம் சாய்ந்துவிட்டதாம்.

விரிசலுக்கு 800 ரூபாய் கொடுத்தேன். கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாத்தீங்களா சார், கற்பூரம் எப்படி பேச வெச்சுது என்றார். யாரும் தொடாமலே எரிந்து தீர்ந்த கற்பூரம் அது. ஆரோக்கியம் அம்மாளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, வழக்கம்போல வந்துடுங்க என்பதோடு சரி. செல்விதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

1.15 பேருந்து. கற்பூரத்துக்குப் பயந்தாயா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, மாட்டிக்கொள்ளக் கூடாது என்று காலையிலேயே வேண்டிக்கொண்டு உண்டியலில் நூறு ரூபாய் போட்டுவிட்டேன் என்றாள். எனக்குத் தலை சுற்றியது. பிறகு ஏனடி சொன்னாய் என்றேன்.

"அந்த அக்கா வாளிய கீழ வெச்சாங்க பாருங்க. அதுக்கு மேல முடியல." கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். "அவங்கதான் போட்டிருந்தாங்கன்னே வெச்சுக்குங்க. ஒரு பிளாஸ்டிக்குக்கு வேலைய விட்டு அனுப்பலாமா? நீங்க ஏன் ஒண்ணும் கேக்கல?"

திண்டிவனம் வந்துவிட்டது, வேர்க்கடலை வாங்குகிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும், அடிப்பக்கமும் செல்போனில் வீடியோ எடுங்கள். லைசென்ஸ் நகல் போதும் என்கிற கடையைத் தேடுங்கள், காத்திருந்தால் கிடைக்கும். கழுவுவதற்கு முன்னால் முதலாளியையே பார்க்கச் சொல்லுங்கள். சாமி பற்றிக் கேட்டால் எதைச் சொன்னாலும் தகராறுதான், உங்கள் இஷ்டம். ஆனால் வாதம் பண்ணும்போது பக்கத்தில் நிற்பவருக்கு வேலை போகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். நான் பார்க்கவில்லை. சாமி இல்லாததால் இல்லை, லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில்.