சவரிமுத்து அண்ணனும் நான்கு சக்கர மூடிகளும்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று, விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கே வந்து சொன்னான் என் மைத்துனன். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏறினேன். திண்டிவனம் ஸ்டேஷனில் வாடகைக் கார் ஓட்டிய அவரை உங்களில் பலர் அறிவீர்கள்.

கிளியனூருக்கு அப்பால், எங்கள் சேரியில் பிறந்தவர். பாதிரியார் ஒருவருக்கு டிரைவராக இருந்தார். சீமைக்குத் திரும்பும்போது பாதிரியார் தம் பழைய காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காரில் அண்ணன் உயிரை வைத்திருந்தது சக்கர மூடிகளின் மேல். வீல் கப்பு என்பார். நிக்கல் முலாமில் முகம் பார்க்கலாம். சேற்றைத் தண்ணீரில் ஊறவிட்டு, பூந்திக்கொட்டை நுரையால் கழுவி, பழைய வேட்டியால் ஈரம் ஒற்றி, தேங்காயெண்ணெயில் இளக்கிய மெழுகை மெல்லிசாகப் பூசித் தேய்ப்பார். அவர் மனைவி ஒருமுறை அடுப்புச் சாம்பலோடு உதவிக்கு வந்தார்.

"பாத்திரம்னு நெனச்சிக்கினியா? முலாம் போச்சுன்னா துருதான் மிச்சம்" என்று தடுத்துவிட்டார்.

என் கல்யாணம் யுத்தத்துக்கு முந்திய வருஷம். திண்டிவனம் மாதா கோயிலிலிருந்து சேரிக்கு ஊர்த்தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும். எங்கள் ஆட்கள் யாரும் அந்தத் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போனதில்லை. இறங்கி நடக்கிறேன் என்றேன்.

"நீ குந்து தம்பி. நான் ஓட்டிக்கினு போறேன்" என்றார்.

பாதித் தெருவில் ஊர்க்காரர்கள் மறித்தார்கள். எங்களை இறக்கிவிட்டு, நான்கு மூடிகளையும் கடப்பாரையால் நெம்பி எடுத்துப் போட்டு அடித்தார்கள். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். போலீஸிடம் போனோம். அந்த வழியாக ஏன் போனாய் என்றுதான் கேட்டார்கள்.

மரச்சுத்தியால் உள்பக்கமிருந்து தட்டி மூடிகளை நிமிர்த்தினார். வடிவம் வந்தது, முலாம் உரிந்துவிட்டது. துருவைச் சுரண்டி கிரீஸ் பூசுவார். ஒரு மழைக்கும் அது தாங்கவில்லை.

பிறகு என் தம்பியின் கல்யாணம் வந்தது. அப்போதும் அண்ணன்தான் ஓட்டினார். ஊர்த்தெரு முனையில் காரை நிறுத்தினார். மூடிகளைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்தார். பின்கதவைத் திறந்து பெண்ணிடம் சொன்னார்:

"எறங்கி நடம்மா. நான் வண்டியத் தள்ளிக்கினு வர்றேன்."

யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன். ஒருவரும் எங்களை மறிக்கவில்லை.

யுத்தத்தில் பெட்ரோலும் டயரும் கிடைக்காமல் போகவே, காரை விற்றுவிட்டு மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கினார். கடைசியாகப் பார்த்தபோது, சுதந்திரம் வந்துவிட்டதே அண்ணா என்றேன்.

"நம்ம சேரிக்கு எந்த வழியா வரும் தம்பி?" என்றார்.

எங்கள் கல்லறைத் தோட்டம் ஊர்த்தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தெரு வழியாக விடவில்லை. வரப்பில் இறங்கி, முழங்கால் சேற்றில் அவரைச் சுமந்துபோய் அடக்கம் செய்தோம்.

அந்தத் தெருவில் பாதித் தூரம் நான் காரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான். மீதிப் பாதியை யார் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுப்பார்கள் என்றும் நான் நம்பவில்லை.