காலை நீட்டிப் படுக்கக் கூடாத கட்டில்

இல்லையக்கா, அது தண்டனை இல்லை. உங்கட அப்பாவை நிமித்தி இருத்தி வைச்சிருக்கிறது அவர் மூச்சு விடுறதுக்குத்தான். வாட்டில அட்டெண்டன் வேலை எண்டா ஆக்களைப் படுக்கையில போடுற வேலை எண்டு நினைச்சுத்தான் நானும் சேர்ந்தனான். சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சுது, பாதி நேரம் ஆக்களைப் படுக்கவிடாமப் பிடிச்சு வைச்சிருக்கிறதுதான் வேலை எண்டு.

எங்கட நேர்ஸ் மிஸி எனக்குச் சொல்லித்தந்ததை அப்பிடியே சொல்லுறன். வயசுபோன இதயம் களைச்சுப்போனா ஒழுங்கா இறைக்காது. மட்டமாப் படுத்தா நெஞ்சுக்க நீர் கட்டி மூச்சை அடைக்கும். தலைப்பக்கம் உயர்ந்திருந்தா ஆளுக்குச் சுகம். நான் பகலில அரிசி ஆலையில மூட்டை தூக்கிப்போட்டு இரவுப் பள்ளிக்கூடத்தில படிச்சவன். அங்க குந்தியிருந்தபடி நித்திரை கொண்டனெண்டு வாத்தியார் என்னை ஏசினவர். இஞ்ச, இருந்தபடி நித்திரை கொள்ளுங்கோ எண்டு நான் மற்றாக்களை ஏசுறன்.

நம்பாட்டி உள்ள அந்தக் கதவடிக் கட்டிலில இருக்கிற ராமசாமி ஐயாவைக் கேளுங்கோ. வேண்டாம், கேக்காதேங்கோ. என்னைப் பற்றி நல்லதா ஒரு சொல்லும் வராது. நானே சொல்லுறன். உங்களைப்போல வாட்டுக்கு வெளியில இந்த வாங்கில குந்தி முழிச்சிருக்கிற எல்லாருக்கும் உதவும்.

தலைமாடு மாறினது

ராமசாமி ஐயா ஸ்கந்தபுரத்தில வயல் கமம் செய்யிறவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தோட மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறின மனுசன். உழவு மெசின் இழுக்கிற பெட்டியில, வைக்கலுக்கு மேல இருத்திக் கொண்டந்தவை. கால் ரெண்டும் வீங்கி, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குது. மிஸி ஊசி போட்டு, கட்டிலின்ர தலைமாட்டுக் காலுகளுக்குக் கீழ செங்கல் வைச்சு உயர்த்தி, தலகணியும் அடுக்கிச் சாத்தி இருத்தினவா. ஒக்சிசன் சிலிண்டர் சுவரோட நிண்டதால தலைமாடும் அந்தச் சுவர்ப்பக்கம்தான். கொஞ்சத்தில மனுசனுக்கு இளைப்புத் தணிஞ்சுது. நான் கஞ்சி வாளி எடுக்கப் போனன்.

திரும்பி வந்து பாக்கிறன், ஐயாவின்ர கால் ரெண்டும் தலகணிக்கு மேல. தலை பள்ளத்தில. உதடு நாவற்பழ நிறம், கடைவாயில நுரை. வாளியைப் போட்டிட்டு ஓடிப்போய் அக்குளுக்க கை குடுத்து நிமித்தினன். ஆள் என்ர சேட்டைப் பிடிச்ச பிடியில ரெண்டு பொத்தான் பறந்திட்டுது. மிஸி வந்து திரும்பவும் ஊசி ஏத்தினா.

பிறகுதான் விசயம் விளங்கிச்சுது. அந்தச் சுவர் வடக்கு. அவற்ற மனுசி மாரியாயி அம்மாவும் மருமகனும் சேர்ந்து, கட்டிலைத் தொடாம, செங்கல்லைத் தொடாம, ஆளை மட்டும் பூப்போலத் தூக்கித் தலையைத் தெற்க திருப்பி விட்டிருக்கினம். நான் ஏசத் தொடங்கினன். மாரியாயி அம்மா சட்டெண்டு நிமிர்ந்து கேட்டா: "ஆயுசக் கொறைக்கிற தெசையில தலைய வச்சது நீங்க, வையிறது மட்டும் எங்களயாங்க தம்பி?"

பக்கம் பாத்துப் படுக்கிறது

கட்டிலோட சேர்த்துத் திருப்பி விட்டம். சிலிண்டரை இழுத்து மற்றப் பக்கம் வைச்சம். தெற்கோ வடக்கோ, தலை உயர்ந்திருந்தாச் சரி எண்டு மிஸி சொல்லிப்போட்டா. இப்ப வேற பிரச்சினை. ஐயா சீவியம் முழுக்க இடப்பக்கம் சரிஞ்சு, கன்னத்துக்குக் கீழ கையை வைச்சுப் படுத்துப் பழகினவர். அப்பிடிச் சரிஞ்சா நெஞ்சு உள்ளுக்க இருந்து கதவு தட்டுறமாதிரி அடிக்குதாம். சரியிறதெண்டா தலகணியில சாஞ்சபடி வலப்பக்கம் சரியுங்கோ எண்டு மிஸி சொன்னா. வலப்பக்கம் படுத்தாத் திண்டது செமிக்காது எண்டு இவர். திண்டதே ரெண்டு கரண்டிக் கஞ்சி.

இதுக்குள்ள, நான் அங்கால திரும்பினா ஒவ்வொரு தலகணியா உருவிக் கீழ விடுவார். ஒருதரம் மட்டமாக் காலை நீட்டினாப் போதும், அது மட்டும்தான் மனுசனுக்கு ஆசை. நீட்டின உடன இருமல் வரும், கண் பிதுங்கும், நான் ஓடுவன். பக்கத்துக் கட்டிலில முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரி மீரான் காக்கா. அவருக்கும் இதே நோய்தான், இவ்வளவு கடுமையில்லை. வந்த நாளில இருந்து வலப்பக்கம் சரிஞ்சு, சத்தமில்லாம நித்திரை. ஒருநாள் நான் ஐயாவை மூண்டாந்தரம் தூக்கி இருத்தேக்க காக்கா ஒரு கண்ணைத் திறந்து சொன்னார்: "ராமசாமியண்ணை, வலப்பக்கம் படு எண்டு எங்கட மார்க்கமும் சொல்லுது, மிஸியும் சொல்லுறா, இனி நீங்கள் ஒராள்தான் மிச்சம்."

ஹெலி வந்த பின்னேரம்

போன கிழமை. சாப்பாட்டுப் பிளேட்டுகள் கழுவிக்கொண்டு நிக்கிறன், ஆமி ஹெலிகொப்டர்ச் சத்தம். முதல்ல தூரத்தில, பிறகு கூரைத்தகரம் அதிர. இஞ்ச எங்களுக்கெல்லாம் இது பழகின பாடம்: நிலத்தில குப்புறப் படு, தலையைத் தூக்காதை. நடக்கக்கூடின ஆக்கள் கட்டிலுக்குக் கீழ பூந்திட்டினம். காக்காவைத் தூக்கி இறக்கினன், வலப்பக்கமாத்தான். மிஸியும் நிலத்தில. பிறகு ராமசாமி ஐயாவை இறக்கிக் கிடத்தினன். கிடத்தினதுதான் தாமதம், தொண்டையில தண்ணி கொதிக்கிறமாதிரிச் சத்தம் கேட்டுது.

"இருத்து! ஆளை இருத்து!" எண்டு மிஸி நிலத்தில கிடந்தபடி கத்துறா. இருத்தினா யன்னல் மட்டத்துக்குத் தலை வருகுது. தலகணி எடுக்க எழும்பேலாது. சுவர் மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், நான் நிலத்தில குந்தி, என்ர முதுகை அவற்ற முதுகுக்கு முட்டுக் குடுத்தன். அவர் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் என்ர விலாவில தெரியுது. மேல ஹெலி சுத்துது. சத்தம் கிட்ட வரேக்க நான் மூச்சைப் பிடிக்கிறன், அவருக்குப் பிடிக்கேலாது. அவற்ற முதுகு கொஞ்சம் அசையாம விட்டா, ஆள் செத்துப் போட்டார் எண்டு நினைப்பன். திரும்பிப் பாக்கவும் ஏலாது, நான் திரும்பினா அவர் விழுந்திடுவார்.

ஒண்டும் நடக்கேல்லை. ஹெலி சுத்திப்போட்டுத் திரும்பிப் போட்டுது. சனம் ஒவ்வொண்டா எழும்பித் தூசி தட்டுது. எனக்குக் கால் விறைச்சு எழும்பேலாமக் கிடக்கு. முதுகுக்குப் பின்னால இருந்து ஐயா, சொல்லுக்குச் சொல்லு மூச்சு வாங்கிச் சொல்லுறார்: "படுத்தா நெஞ்சு கொல்லும், ஒக்காந்தா மேல சுத்துறவன் கொல்லுவான்... அவனுக்காச்சும் குறி தப்பும் தம்பி."

இண்டைக்கு

இப்ப மிஸி குடுக்கிற நீர் இறக்குற குளிசையில கால் வீக்கம் வத்தியிருக்கு. காலமை டொக்டர் வந்து நெஞ்சில குழல் வைச்சுப் பாத்திட்டு, இண்டைக்கு ஒரு தலகணியை எடுத்துப் பாருங்கோ, இளைக்காட்டி நாளைக்கு இன்னொண்டு, அப்பிடியே பணிச்சுக்கொண்டு வந்து மூச்சு நிண்டு பிடிச்சா வீட்டை விடலாம் எண்டவர். இளைச்சா வவுனியாவுக்கு அனுப்பவேணும். றோட்டு இருக்கிற இருப்பில அந்தப் பயணத்தை இந்த இதயம் தாங்குமோ எண்டது சந்தேகம். மாரியாயி அம்மா சீலைத் தலைப்பைப் பிழிஞ்சுகொண்டு நிண்டவா.

நான்தான் தலகணியை உருவினனான். உருவேக்க ஐயா என்ர கையைப் பிடிச்சிட்டார். இத்தனை நாள் படுக்க விடு, படுக்க விடு எண்டு என்னை ஏசின மனுசன், வேணாம் தம்பி, பயமாருக்கு எண்டார். கொஞ்ச நேரம் பக்கத்தில இருந்து பாத்தன். இளைப்பு வரேல்லை. இருமல் வந்தா உடன கூப்பிடுங்கோ எண்டு மாரியாயி அம்மாவிட்டச் சொல்லிப்போட்டுத்தான் இஞ்சால உங்களிட்ட வந்தனான். உங்கட அப்பாவுக்கும் அதுதான் அக்கா, அவசரப்படாம ஒவ்வொண்டாத்தான்...

பொறுங்கோ. உள்ள கூப்பிடுறா. மாரியாயி அம்மாதான்.

"தம்பி! ஓடியாங்க! எல்லாத் தலகாணியும் கீழ தள்ளிப்புட்டு மல்லாந்து படுத்துக்கிட்டாரு, எந்திரிங்கன்னா என்னயவே வையிறாரு, மூச்சே வாங்காம வையிறாரு!"

வையிறதுக்கு மூச்சு மிச்சமிருந்தா நல்ல சேதிதான், எண்டாலும் ஒரு வயசாளி நிம்மதியாக் காலை நீட்டினா முதல்ல பதறி ஓடுறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம், போட்டு வாறன் அக்கா.