ஸ்பெயின் ராஜாவும் எங்கள் ஒழுங்கையும்

பேசுவதற்கு ஆபத்தில்லாத விஷயம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். திருகோணமலையில்... பட்டாளமும் இயக்கங்களும் காதைத் தீட்டிக்கொண்டு திரியும் இந்த நாட்களில்?

எங்கள் வாசகர் வட்டத்தில் போன சனிக்கிழமை பேசும் முறை என் கணவருடையது. அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், மிச்ச நேரமெல்லாம் ஐரோப்பியச் சரித்திரம். அவர் எடுத்த தலைப்பு ஸ்பெயின். போன முடியாட்சி, வந்த கட்சிகள்.

வேறு தலைப்பு எடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். “ராஜா செத்துப் போனார். அந்தக் கட்சிக்காரரும் செத்துப் போட்டினம். இனி ஆருக்கப்பா கோவம் வரப்போகுது?”

வாசிகசாலையின் பின் அறை. பத்துப் பன்னிரண்டு பேர். தலைமை, கிண்ணியாவிலிருந்து வந்த ஹனீபா மாஸ்டர்.

சிம்மாசனத்தைக் காப்பாற்ற ராஜா ஒரு ஜெனரலிடம் நாட்டையே தூக்கிக் கொடுத்தார் என்று என் கணவர் தொடங்கிய நேரம், முன்பின் தெரியாத இரண்டு பேர் உள்ளே வந்து கடைசிக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள்.

அவ்வளவுதான். எந்தப் பக்கத்து ஆட்களோ என்று அறை உறைந்துவிட்டது. ஒருவர் மெல்ல எழுந்து போனார். பின்னால் இன்னொருவர். நான் கண்ணால் சாடை காட்டினேன். இவர் பார்த்தால்தானே? ஆள் ஸ்பெயினில் அல்லவா நின்றார்!

நகரங்கள் ராஜாவுக்கு எதிராக வாக்களித்தன, அவர் கப்பலேறிவிட்டார், சனம் தெருவில் ஆடியது. அதற்குப் பிறகு? ராஜாவை அனுப்ப ஒன்றாக நின்ற கட்சிகள் ஒன்றையொன்று துரோகி என்றன. அந்தச் சொல் விழுந்ததும் முன் வரிசையில் இருந்தவர்கள் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில் பட்டாளம் எழும்பிச் சண்டை தொடங்கியது என்ற இடத்தில், நேரமாகிறது என்று ஹனீபா மாஸ்டர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

கடைசிக் கதிரைக்காரரில் ஒருவர் எழுந்து வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

“ஐயா, இது எந்த நாட்டுக் கதை?”

“ஸ்பெயின்.”

“உண்மையாவோ?”

பிறகு வீடு எங்கே என்று கேட்டார். இவர் தெருவிலிருந்து உள்ளே போகும் எங்கள் ஒழுங்கையின் பெயரோடு வாசல் படலையின் நிறத்தையும் சேர்த்துச் சொன்னார்! ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று பிறகு சண்டை பிடித்தேன். பொய் சொன்னால் வேறொரு வீட்டுக்கு அல்லவா போவார்கள் என்றார்.

ஹனீபா மாஸ்டர் கிண்ணியாவுக்குப் போகும் கடைசி ஃபெரியை விட்டுவிட்டு எங்களோடு வீடுவரை நடந்து வந்தார். அன்று எங்கள் விறாந்தையில்தான் படுத்தார்.

கொஞ்ச நாளைக்கு உப்புவெளியில் அக்கா வீட்டில் நிற்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஏலாது என்றார். ஓடினால் ஏதோ செய்தவன் என்று ஆகிவிடுமாம். வழக்கம்போலக் கச்சேரிக்குப் போனார், வந்தார். இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் குசினியில் அடுப்புக்கு முன் அப்படியே நின்றுவிடுவேன். அது எங்கள் படலையைத் தாண்டிய பிறகுதான் மூச்சு வரும்.

புதன் பின்னேரம் வந்தது தாண்டவில்லை.

அதே ஆள். தனியாக. கதிரை போட்டோம், உட்காரவில்லை.

“அண்டைக்கு நீங்கள் முடிக்கேல்லை. அந்தச் சண்டை எப்பிடி முடிஞ்சது?”

இவர் என்னைப் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன். இவருக்கு அது வராது.

“ஜெனரல்மாரின்ர பக்கம் வெண்டது. வெண்டவை தோத்தவையை விடேல்லை. சனம் வீட்டுக்குள்ளயும் மெதுவாத்தான் கதைச்சது.”

“எவ்வளவு காலம்?”

“ஒரு தலைமுறைக்கு மேல. பிறகு அந்த ராஜாவின்ர பேரன் வந்தவர். கட்சிகளை வரவிட்டு, சனத்தை வாக்குப் போட விட்டவர்.”

அந்த ஆள் படலைப் பக்கம் திரும்பினார்.

“என்ர மகனுக்கு மூண்டு வயசு” என்றார். பிறகு போய்விட்டார்.

எங்களுக்குப் பயம் போய்விட்டதா? இல்லை. இதை எழுதும்போதும் ஒரு காது ஒழுங்கையில்தான். ஆனால் அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று நாங்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டோம் — எல்லாப் பக்கத்திலும் மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்களே!