நடுவில் பேசியவன்

"வேகன் இன்னும் வரலைன்றாரு. நெல்லு இல்லீங்க, வேகன். ரயில் வேகன்!" என்று டெலிபோன் ஆபரேட்டர் தானியேல் பட்டணத்துக்குக் கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தி லைனின் இந்தப் பக்கம் இருந்த ரைஸ்மில்காரருக்குச் சொன்னான்: "திங்கக்கெழம ஏத்தி உடறாங்களாம். சரியான்னு கேக்கறாங்க."

ரைஸ்மில்காரர் சரி என்றார். தானியேல் பட்டணத்துக்குச் சரி சொல்லிவிட்டு, டெலிபோன் பலகையிலிருந்து இணைப்புக் கயிற்றை உருவினான். பேச்சு முடிந்தது. பேசிய இருவரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்கவே இல்லை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பட்டணத்துக்கு ஓடியது ஒரே ஒரு லைன். உப்பேரிக் காற்றின் உப்பு, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். அதனால் கம்பியில் எப்போதும் சட்டியில் கடுகு பொரிகிற இரைச்சல். அதற்குள் புகுந்து வார்த்தையைப் பொறுக்கி எடுக்கத் தானியேலின் காது பழகியிருந்தது. வந்த புதிதில் ஒருநாள், யாரோ இருவர் ஹலோ ஹலோ என்று தவிப்பதைப் பொறுக்காமல் நடுவில் நுழைந்து எடுத்துச் சொன்னான். அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போதெல்லாம் ஊரார் போனை எடுத்தால் பட்டணத்துடன் பேசுவதில்லை. "தானியேலு, சொல்லுப்பா" என்று அவனிடம்தான் பேசுகிறார்கள்.

அந்த உபகாரம் அவன் காலைச் சுற்றிக்கொண்டது. எந்த அழைப்பும் கெட்டுப்போகாததால், லைன் கெட்டது என்று மேலே யாருக்கும் தெரியவில்லை. கெடாத லைனுக்கு இரண்டாவது கம்பி எதற்கு? ஒரு கம்பி ஆபீசுக்கு இரண்டாவது ஆள் எதற்கு? இரண்டாவது ஆள் இல்லாமல் தானியேலுக்கு மாறுதலும் இல்லை, லீவும் இல்லை. அவன் மனைவி ஞானம்மா பெரம்பூரில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் ரயிலேறி வந்து போய்க்கொண்டிருந்தாள். இப்போது வயிற்றில் பிள்ளை. இனி ரயில் ஏறக்கூடாது என்று டாக்டரம்மாள் சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் இன்ஜினியர் அருணாச்சலம் லைனைப் பார்வையிட வருவதாக இருந்தது. லைன்மேன் முனிகிருஷ்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு புத்தி சொன்னான்.

"நைனா, இன்னிக்கு ஒரு நாளு வாய்க்குப் பூட்டு போட்டுக்கோ. அந்தாளு ஹெட்போன மாட்டிக்கினு கேக்கட்டும். காது கிழிஞ்சா தானா ரெண்டாவது கம்பிக்கு எழுதுவாரு."

"ஊரு ஜனம் திட்டுமே, முனி."

"திட்டினா இன்னா? காதுல தான் வுழும், கன்னத்துலயா வுழும்? உனுக்கு பெரம்பூரு வேணுமா, வேணாமா?"

வேண்டும். தானியேல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவுசெய்துகொண்டான்.

அருணாச்சலம் வந்து, காபி குடித்துவிட்டு, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சுண்ணாம்புக்குளத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தாள். பெயர் ஹாஜிரா. பட்டணத்து மண்ணடியில் ஒரு கடைக்குப் பேச வேண்டும் என்றாள்.

"யாரைக் கூப்புடணும்?"

அவள் தரையைப் பார்த்தாள். புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? "அவங்கதான். பினாங்குக்குப் போறவங்க. கோவிச்சுக்கினு சொல்லாம கெளம்பிட்டாங்க. சாயங்காலம் கப்பலு."

"சலாஹுதீன் பாய்," என்றான் வாசலில் நின்ற முனிகிருஷ்ணன்.

லைன் கிடைத்தது. கடுகு பொரிந்தது. அருணாச்சலம் முகத்தைச் சுளித்து ஹெட்போனைக் காதிலிருந்து சற்று விலக்கினார். முனிகிருஷ்ணன் தானியேலைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"நான்தான்," என்றாள் ஹாஜிரா டெலிபோன் கூண்டுக்குள்ளிருந்து. "நான்தான் பேசறேன்."

"யாரு? ஒண்ணுமே கேக்கலியே," என்றது பட்டணம்.

"நான்தாங்க. நான்தான்."

தானியேல் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஞானம்மாவின் வயிற்றை நினைத்துக்கொண்டான். பல்லைக் கடித்தான்.

"எவனோ வெளையாடறான். வெச்சுடறேன்," என்றது பட்டணம்.

"வெச்சுடாதீங்க பாய்!" என்றான் தானியேல். "உங்க ஊட்ல பேசறாங்க."

"நீ யாருய்யா நடுவுல?"

"நான் ஆளு இல்ல பாய், லைனு. சொல்லுங்க."

பட்டணம் சொன்னது: "பொட்டில மாங்கா ஊறுகா ஜாடி இருக்குது. யாரு வெச்சதுன்னு கேளு."

கேட்டான். ஹாஜிரா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு, "வேற யாரு வெப்பாங்களாம்?" என்றாள்.

"வேற யாரு வெப்பாங்கன்னு கேக்கறாங்க, பாய்."

சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "எறங்கினதும் தந்தி குடுக்கறேன்னு சொல்லு. கோவமெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. ஒடம்ப பாத்துக்கச் சொல்லு."

தானியேல் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசி வார்த்தையை மட்டும் இரண்டு தரம் சொன்னான். நேரம் முடிந்து லைன் போனது.

ஹாஜிரா வண்டியேறிப் போனபின் அருணாச்சலம் ஹெட்போனைக் கழற்றினார். "இரைச்சல் கொஞ்சம் இருக்கு. ஆனா விஷயம் ஒழுங்காப் போய்ச் சேந்துடுச்சே."

"சார், சேத்தது லைன் இல்ல. நான்."

"அதைத்தான்யா நானும் சொல்றேன். உன்னை மாதிரி ஆள் இருக்கறப்போ இந்த ஊருக்கு இன்னொரு கம்பி எதுக்கு?" என்று அவன் முதுகில் தட்டினார். நல்ல மனிதர். மனதாரச் சொன்னார்.

முனிகிருஷ்ணன் வெளியே போய் வெற்றிலையைத் துப்பினான். "கெடுத்துக்கினியே, நைனா," என்றான்.

மறுநாள் தானியேல் காலையில் ஆபீசைத் திறந்தான். முனிகிருஷ்ணன் ஆரம்பாக்கம் பக்கம் பீங்கான் துடைக்கப் போனான். ரைஸ்மில்காரர் முதலில் கூப்பிட்டார். வேகனைப் பற்றி விசாரித்துச் சொன்னான். மத்தியானம் தூறல் போட்டது, இரைச்சல் கூடியது. ஒரு மாட்டு வியாபாரிக்காக இரண்டு தரம் கத்த வேண்டியிருந்தது. சாயங்காலம் பலகையை மூடிவிட்டு ரயிலடிக்குப் போனான். முன்பு ஞானம்மா ஏறிப்போகும் பட்டணத்து வண்டி வந்து நின்று, அவனை ஏற்றாமல் போயிற்று. அறைக்குத் திரும்பிச் சோறு வடித்தான். தொண்டை கட்டியிருந்ததால் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தான்.