மருந்தடிக்காத ரோஜா இலை

அந்தச் சனிக்கிழமை காலை ஒசூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், என்னோடு சேர்ந்து ஆய்வு செய்த தளிப் பக்கத்துத் தோழி, சாப்பாட்டுக் கூடையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த அம்மா, அறையைப் பூட்ட வந்து பூட்டாமல் நின்ற ஆய்வக உதவியாளர் அண்ணன். இல்லாதவர்கள்: உறவில் ஒரு கல்யாணத்துக்குப் பெங்களூரு போயிருந்த எங்கள் வழிகாட்டி மேடம், முதல் ஷிப்டில் இருந்த அப்பா, அப்புறம் இன்னொரு தட்டு. அந்த இன்னொரு தட்டு இல்லை என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையில் நாங்கள் இல்லை.

தட்டு முழுக்க ஈ.கோலை கிருமி பாலாடை மாதிரி மங்கலாகப் படர்ந்திருந்தது. நடுவில் ஒரு சின்னக் குழி. அதில்தான் முந்தின நாள், ரோஜா இலையை வைத்து நாங்கள் தயாரித்த வெள்ளி நீரைச் சொட்டியிருந்தோம். குழியைச் சுற்றி, துடைத்த ஜன்னல் போல, ஒரு தெளிந்த வட்டம்.

"எங்கடா கிருமி?" என்றாள் அம்மா.

"இந்த மங்கலா இருக்கறது பூரா கிருமிதாம்மா. தெளிவா இருக்குது பாரு வட்டம், அங்கதான் செத்துப்போச்சு."

அம்மா என்னை நம்பவில்லை. தோழியின் பக்கம் திரும்பி, பாலிஹவுஸில் வேலை செய்து பழகிய கன்னடத்தில் கேட்டாள்: "சத்தோய்த்தா?"

"சத்தோய்த்தம்மா. ஒண்ணு மிச்சமில்ல."

இரண்டு மொழியிலும் செத்த பிறகுதான் அம்மா சிரித்தாள். அண்ணன், "ஸ்கேல் வைங்க தம்பி, ஸ்கேல் வைங்க" என்று பறந்தார். பக்கத்தில் ஒப்பிட வைத்திருந்த கடை ஆன்டிபயாட்டிக் வட்டத்தை விட எங்கள் வட்டம் பெரியது. "இந்த ரூம்ல இம்மாம் பெரிய வட்டத்த நான் பாத்ததே இல்ல" என்றார். தோழி என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். வலிக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். உயிர்தொழில்நுட்பத்தில் எம்.எஸ்ஸி. கடைசிப் பருவம். வரும் வெள்ளிக்கிழமை வைவா. வெளியூர் ஆசிரியர் வந்து கேள்வி கேட்பார். அதைத் தாண்டினால், சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தாண்டாவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருப்பேன், கம்பெனி காத்திருக்காது.

செய்முறை கேட்டால் சமையல் மாதிரி இருக்கும். ரோஜா இலையைக் கழுவி, நறுக்கி, கொதிக்கவைத்து, வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்ற வேண்டும். இலையின் சாறு கரைசலில் உள்ள வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக மாற்றும். வெளிர் மஞ்சள் மெல்ல மெல்ல டிகாஷன் நிறமாகும். முதல்முறை அந்த நிறம் மாறியபோது நானும் தோழியும் மேஜையைச் சுற்றி ஓடினோம். கையுறை கிழிந்ததில் கரைசல் பட்டு என் விரல்கள் கறுத்துப்போயின. அம்மா எலுமிச்சை தேய்த்தாள், புளி தேய்த்தாள், கறை போகவில்லை. அப்பா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளி வெள்ளிங்கற, கரி அள்ளுனவன் மாதிரி இருக்கியேடா" என்றார்.

இலை கொண்டுவந்தது அம்மா. பாகலூர் சாலையில், பிளாஸ்டிக் கூரைக்குள் ரோஜா வளர்க்கும் ஒரு பாலிஹவுஸில் அவளுக்கு வேலை. சூப்பர்வைசரிடம் கேட்டு, ஒரு புள்ளி இல்லாத, ஒரு புழு கடிக்காத, பளபளவென்ற இலைகளாகப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மகனின் படிப்புக்கு மட்டமான சாமானை அவள் எப்படிக் கொடுப்பாள்?

அந்தச் சனிக்கிழமை நாங்கள் தரையில் நிற்கவில்லை. ஆய்வின் இரண்டாம் பாதி புற்றுநோய்ச் செல்கள் மேல் சோதனை. அதற்கான வசதி எங்களிடம் கிடையாது. பெங்களூருவில் ஒரு தனியார் கூடத்துக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டும். மேடம் வரட்டும் என்று காத்திருக்க எங்களால் முடியவில்லை. ஆளுக்குப் பாதி போட்டு, அன்று மத்தியானமே புட்டியைக் கூரியரில் அனுப்பிவிட்டோம். அதற்குள் அம்மா அப்பாவுக்கு போன் போட்டுவிட்டாள். டீ இடைவேளையில் போனை எடுத்த அப்பா, அவர் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் முழுக்கக் கேட்கும்படி, "என்னாது, கேன்சருக்கா?" என்று கத்தியிருக்கிறார்.

சாயங்காலம் எங்கள் லைன் வீடுகள் அத்தனைக்கும் மைசூர்பாகு போனது. வீட்டு ஓனர் வந்து, தன் படர்தாமரைக்கு அதில் இரண்டு சொட்டு கிடைக்குமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மூன்றாம் வீட்டு அத்தை பெங்களூருவில் கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றபோது நான் முந்திக்கொண்டேன்.

"அத்தே, இது வெறும் கண்ணாடித் தட்டுல பாத்தது. மருந்துன்னு ஆக எத்தனையோ வருசம் ஆகும், ஆகாமலும் போகும். நீங்க பாட்டுக்கு ஆஸ்பத்திரிய விட்டுடாதீங்க."

"அடப் பைத்தியமே, அது எனக்குத் தெரியாதா? மைசூர்பாகு கேக்க வந்தேன். ரெண்டா குடு."

திங்கட்கிழமை மேடம் வந்தார். மருதாணிக் கையால் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சிரிக்கவில்லை.

"வெறும் இலைச் சாறு வெச்ச தட்டு எங்க?"

அப்படியொரு தட்டை நாங்கள் வைக்கவே இல்லை.

"வெள்ளி கொன்னுச்சா, இலை கொன்னுச்சான்னு எப்படிப்பா தெரியும்?"

அன்றே அந்தத் தட்டை வைத்தோம். செவ்வாய்க்கிழமை திறந்தால், வெள்ளியே கலக்காத வெறும் இலைச் சாற்றைச் சுற்றி அதே வட்டம். அளவில் குறைவில்லை, அழகில் குறைவில்லை. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டுல ஒண்ணு. ரோசா இலைக்கே இந்தச் சக்தி இருக்கு. இல்லன்னா இலைமேல வேற என்னமோ இருக்கு. இது எங்க வளந்த இலை?"

அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். "அம்மா, அந்தச் செடிக்கு மருந்து கிருந்து அடிச்சாங்களா?"

"அடிக்காம? நீ கேட்டதுக்கு முந்தின நாளுதான் இலைப்புள்ளி நோய்க்குக் கிருமி மருந்து அடிச்சோம். அதான அப்பிடி மினுமினுன்னு இருந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியாடா? பாலிஹவுஸ்ல மருந்தடிக்காத செடி உண்டா? ரெண்டு எழுத்துப் படிச்சவன் உனக்குத் தெரியாதா?"

தெரியும். சின்ன வயதிலிருந்து அம்மாவின் சேலையில் அந்த மருந்து வாசனையை முகர்ந்து வளர்ந்தவன் நான். இலையை மூன்று தண்ணீரில் கழுவினால் போதும் என்று நினைத்துவிட்டேன். தோழிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. பிறகு மேடத்துக்கு. கிருமி மருந்து கிருமியைக் கொல்லும் என்று நாங்கள் கண்டுபிடித்திருந்தோம்.

சிரித்து முடித்து நாளை எண்ணினோம். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இருந்தது இரண்டே நாள். பெங்களூரு கூடத்துக்கு போன் செய்தால், செல்கள் மேல் சாற்றை ஊற்றியாகிவிட்டது, பணம் திரும்பாது என்றார்கள். உதவியாளர் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "வுடுங்க தம்பி. இலை இலைதான், வட்டம் வட்டம்தான். வர்றவரு வந்து செடிகிட்டயா விசாரிக்கப் போறாரு?"

தோழி சொன்னாள், "அண்ணா, மூணாம் வீட்டு அத்தை இவன்கிட்ட ரெண்டு மைசூர்பாகு வாங்கித் தின்னாங்களாம். இவன் பொய் எழுதுனா அவங்க மூஞ்சில முழிக்கணும்ல?"

மருந்தடிக்காத ரோஜா இலையைத் தேட ஆரம்பித்தோம்.

ஒசூரில் ரோஜாவுக்கா பஞ்சம்? அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு பாகலூர் சாலை முழுக்க அலைந்தேன். ஒரு தோட்டத்துக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "மருந்தடிக்காத செடியா? எங்களப் பாத்தா எப்பிடித் தெரியுது?" இன்னொருவர் பாதி தெலுங்கில் சவால் விட்டார்: "நம்ம தோட்டத்துல ஒரு புழு காட்டு தம்பி, நூறு ரூபா தரேன்." புழு இருந்திருந்தால் நான் அவருக்கு இருநூறு கொடுத்திருப்பேன். கடைசி நம்பிக்கையாக வீட்டு ஓனரம்மாவின் மொட்டைமாடித் தொட்டி. "நல்லவேளை கேட்ட கண்ணு, நேத்துதான் யூடியூப்ல பாத்து ஒரு மருந்து அடிச்சேன்."

புதன்கிழமை மத்தியானம் தோழி போன் செய்தாள். "டேய், தளிக்கு வா. எங்க ஊர் தாண்டி ஒரு மாதா கெபி இருக்கு. செடியப் பாத்தா நீ அழுவ."

அழத்தான் தோன்றியது. மாதா சிலையைக் குகை மாதிரி கட்டிய மாடத்துக்குள் வைத்திருந்த அந்தக் கெபியின் வேலியோரம் நின்ற ரோஜாச் செடியில் ஓட்டையில்லாத இலை ஒன்றுகூட இல்லை. அங்கே விளக்கேற்றும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "மாதா செடிக்கு எவன் வந்து மருந்தடிக்கப்போறான்? புழு தின்னது போவ மிச்சம் மாதாவுக்கு. இலைய எடுத்துக்கோங்க, பூவத் தொடாதீங்க." நான் ஓட்டை இலைகளாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். ஒரு இலையில் புழுவே இருந்தது. அதைப் பார்த்து நாங்கள் போட்ட சத்தத்தில் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

வீட்டில் பையைத் திறந்து பார்த்த அம்மா வாயில் கை வைத்தாள். "இதையா காலேஜுக்குக் கொண்டுபோற? மானம் போயிடும்டா. நான் நல்லதா நாலு தரேன்."

"அம்மா, உன் காலுல வேணா வுழறேன். இலைய மட்டும் குடுக்காத."

வியாழக்கிழமை காலை சாறு காய்ச்சினோம். வேதியியல் துறையில் கெஞ்சி ஒரு சிட்டிகை வெள்ளி நைட்ரேட் வாங்கினோம். முந்தைய முறை அடம்பிடிக்காமல் மாறிய நிறம் இப்போது மாறவே மாட்டேன் என்றது. தோழி குடுவையிடம் கன்னடத்தில் கொஞ்சினாள், பிறகு திட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இளம் பழுப்பு எட்டிப் பார்த்தது. ஒன்றுக்கு மூன்றாகத் தட்டு வைத்தோம்: வெறும் இலை, வெறும் வெள்ளி உப்பு, இரண்டும் சேர்ந்தது.

அன்று சாயங்காலமே பெங்களூருவிலிருந்து முதல் புட்டியின் முடிவு மின்னஞ்சலில் வந்தது. புற்றுநோய்ச் செல்கள் ஏறக்குறைய மொத்தமும் காலி. எங்கள் துறையில் அப்படியொரு முடிவு யாருக்கும் வந்ததில்லை என்றார் மேடம். அதை ஆய்வேட்டில் சேர்க்காமல் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை, வைவாவுக்குச் சற்று முன்பு தட்டுகளைத் திறந்தோம். வெறும் இலையைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கிருமி குழியின் விளிம்பு வரை வந்து சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. கிருமி சாகாததற்காக நாங்கள் துள்ளிக் குதித்தது அன்றுதான். வெள்ளி உப்பைச் சுற்றி ஒரு வட்டம். எங்கள் துகள்களைச் சுற்றியும் ஒரு வட்டம், சின்னது, ஆன்டிபயாட்டிக்கின் வட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் எங்களுடையது.

வந்திருந்த ஆசிரியர் அந்தச் சின்ன வட்டத்தை விட்டுவிட்டு, காலிப் பக்கத்தைக் காட்டி ஏன் என்று கேட்டார். மருந்தடித்த இலை, அம்மா, கெபி, புழு என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "புழுவுக்கும் ஒரு நன்றி எழுதுங்க" என்றார். தேறிவிட்டோம்.

அடுத்த மாதம் கம்பெனியில் சேர்ந்தேன். நல்ல சாற்றை மறுபடி பெங்களூருவுக்கு அனுப்பினோம். அளவைக் கூட்டினால் பாதிச் செல்கள் செத்தன, குறைத்தால் பிழைத்துக்கொண்டன. அவ்வளவுதான், அதை அப்படியே எழுதிக் காலிப் பக்கத்தை நிரப்பினோம். அம்மா விடவில்லை, லைன் வீடுகளுக்கு மறுபடியும் மைசூர்பாகு, இந்த முறை அத்தைக்கு மட்டும் தனிப் பெட்டி. இரண்டு தடவை கட்டிய சோதனைப் பணம், இரண்டு கூரியர், இரண்டு மைசூர்பாகு, வண்டிக்குப் பெட்ரோல், கெபியில் அம்மா ஏற்றச் சொன்ன மெழுகுவத்தி எல்லாம் சேர்த்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் கடைசியில் ஆன செலவு பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.