முள் இல்லாத கொடி

ஃபர்வானியாவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு எதிரே முழுக்கத் தனி ஆண்கள் தங்கும் அறைகள். பால்கனியில் துணி காயப்போடவே கூச்சமாக இருக்கும். மறைப்புக்கு ஒரு கொடி வளர்க்கலாம் என்று நினைத்தேன். குவைத்தின் வெயிலைப் பற்றி எல்லோரும் சொல்லியிருந்தார்கள், ஜனவரிக் குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலைக் கொடி முதல் குளிரிலேயே கறுத்துத் தொங்கிவிட்டது. அதனால் இந்த முறை நர்சரியில் ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

விற்பவர் புதுக்கோட்டைக்காரர். "காகிதப்பூ எடுத்துக்கங்கக்கா. எந்தக் குளிருக்கும் அசையாது."

"முள்ளு இருக்குமே. வீட்ல சின்னப் புள்ள இருக்கான்."

"அப்ப ரங்கூன் மல்லி?"

"குளிர்ல இலை கொட்டிராதா?"

என் கணவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணு பாக்கப் போனன்னைக்குக்கூட நான் இவ்வளவு கேள்வி கேக்கல பாய்."

கடைசியில் சிரியாக்காரர்கள் விரும்பி வாங்கும் யாஸ்மீன் என்ற மல்லிக்கொடி கிடைத்தது. "அவங்க ஊர்ல பனியே கொட்டும்க்கா, அங்கயே நிக்குது" என்றார். முள் கிடையாது. கணவர் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஆணியடித்து பால்கனிக் கம்பிகளோடு கட்டினார். கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றினேன். குளிர் வருவதற்குள் கொடி கம்பிகளை மூடிவிட்டது.

விரல் விறைக்கும் ஒரு காலை. கணவர் கம்பெனி பஸ் பிடிக்கக் கீழே இறங்கியிருந்தார். நான் கதவைத் திறந்ததும் கொடியைத்தான் பார்த்தேன். ஓர் இலைகூடக் கருகவில்லை. இன்னும் குளிர் கூடினால் என்ன செய்வது, எதற்கும் போர்த்திவைப்போம் என்று பழைய போர்வையை எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது மகன் சட்டங்களில் ஏறி நின்றான். வயிறு கைப்பிடிக்கு மேலே இருந்தது.

போர்வையைக் கீழே போட்டேன். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் விழுவான். அவனிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் தரையில் விழுந்தோம்.

"மம்மி, வாப்பா பஸ்! ஐ காண்ட் ஸீ!" என்று அவன் அழுதான்.

முன்பெல்லாம் தினமும் கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்து அந்த பஸ்ஸுக்குக் கையசைப்பான். கொடி அதை மறைத்துவிட்டது. குளிர், வெயில், முள், இலை எல்லாம் யோசித்த எனக்கு, பிள்ளை ஏற நாங்களே படி கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது மட்டும் தோன்றவில்லை.

சாயங்காலம் வந்த கணவரிடம் சொன்னேன். அவர் டியூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை. சுத்தியலை எடுத்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"ஏன் போன்ல சொல்லல?"

"சொல்ல வாய் வரலங்க." பிடுங்கிய சட்டங்களை ஓரமாக அடுக்கிக்கொண்டே கேட்டேன்: "காகிதப்பூ வாங்கியிருந்தா முள்ளு குத்தி இறங்கியிருப்பான்ல?"

"குத்தியிருந்தா அதுக்கும் நீதான் அழுதிருப்பே."

கொடி தரையில் பச்சையாகக் குவிந்து கிடந்தது. அள்ளிக் குப்பையில் போட்டோம்.

மறுநாள் காலை மகன் கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்துக் கையசைத்தான். கீழே பஸ் ஜன்னலிலிருந்து அவரும் அசைத்தார். என் இரண்டு கைகளும் மகனின் சட்டையைப் பிடித்திருந்தன. பஸ் தெருமுனை திரும்பிய பிறகும் விரல்கள் பிரியவில்லை.