சேட்டுக்குத் தேன்

யார் வாசலுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது சூசையப்பன் பிறந்த எஸ்டேட் லயத்துப் பழக்கம். வியாபாரத்துக்கு வந்த பிறகும் அது அவரை விடவில்லை. சாந்தன்பாறையில் சிறு விவசாயிகளின் ஏலக்காயைச் சேர்த்து, மலையிறங்கி, போடியில் பாரஸ்மல் சேட்டிடம் விற்றுக் கொடுப்பது அவர் தொழில். தீபாவளி நெருங்கினால் சாம்பிள் பையோடு இன்னொரு பையும் தோளில் ஏறும். இப்போதெல்லாம் தோள் வலித்தது.

இந்த முறை பயமும் சேர்ந்திருந்தது. சேட்டின் மகன் வேறு இடத்தில் காய் எடுக்கப் பார்ப்பதாகப் பேச்சு. போன வருசம் கொண்டுபோன பிளம் கேக்கில் முட்டை என்று சேட்டு வீட்டில் யாரும் தொடவில்லை.

"இந்தத் தடவயாவது சுத்த சைவமாக் கொண்டு போங்க" என்றாள் மனைவி ரோசி.

மலைமேல் முதுவான் பழங்குடியினரின் குடிவரை ஏறிப்போய் மலைத்தேன் வாங்கினார். தேனைவிடச் சைவம் எது?

கடையில் சேட்டு பாட்டிலைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"சூசை, நாங்க ஜைனரு. தேன் ஆகாது. கூட்டைப் பிழிஞ்சா எத்தன உசிரு போகும்?"

"பூவுல ஊறுறதுதான சேட்டு?"

"போன வருசம் முட்டை, இந்த வருசம் பூச்சி. அடுத்த வருசம் ஆட்டையே புடிச்சிட்டு வருவியா?"

கடையே சிரித்தது. சூசையப்பனும் சிரித்தார். சிரிக்கவும் தெம்பு வேண்டியிருந்தது.

சேட்டு சாம்பிளைக் கொட்டி, ஒரு காயைப் பிளந்து மென்றார்.

"காய் சுத்தம். பையன்கிட்ட நான் பேசிக்கறேன், உன் சரக்கு எப்பவும் போல வரட்டும். ஆனா நீ எதுக்கு அலையறே? வயசாச்சு. இனிமே சாம்பிளைப் பஸ்ல போட்டு விடு, போதும்."

சேட்டு அன்பாகத்தான் சொன்னார். இனிப்புப் பெட்டி ஒன்றும் கொடுத்து அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் ரோசி போன் செய்தாள்.

"ஏங்க, என்ன சொன்னாரு?"

"காய் எடுத்துக்கிடுறாராம். நான் வர வேண்டாமாம்."

"கோவமா?"

"இல்லடி. கோவப்பட்டிருந்தா, அடுத்த வருசம் வேற எதயாவது கொண்டு போயிச் சரிபண்ணலாம்ல."